வெள்ளிக்கிழமையில் தொடங்குங்கள்: தொடக்க வகுப்பின் ஒரு வாரத்தைத் திட்டமிட முழுமையான வழிகாட்டி

திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழையும்போது உங்கள் கையில் என்ன திட்டம் இருக்கிறது? எனக்கு முதல் சில ஆண்டுகள் பாடப்புத்தகத்தின் அடுத்த பக்கம்தான் திட்டம். போன வாரம் 34-ஆம் பக்கத்தில் நிறுத்தினோம், இந்த வாரம் 35-ல் தொடங்குவோம், அவ்வளவுதான். பக்கங்கள் ஒழுங்காக நகர்ந்தன, நோட்டுகள் நிரம்பின, நானும் நிம்மதியாக இருந்தேன். பருவம் முடியும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சாதாரணக் கழித்தல் கணக்கைக் கொடுத்தால் பாதிப் பேர் தப்பாகப் போட்டார்கள். நான் நடத்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லை. நடத்துவதும் கற்றுக்கொள்வதும் வேறு வேறு என்று புரிய எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

அதற்குப் பிறகு வாரத்தைத் தலைகீழாகத் திட்டமிடத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதை முதலில் எழுதுவது, அங்கிருந்து ஒவ்வொரு நாளாகப் பின்னால் வந்து திங்களை அடைவது. இதை விளக்க ஒரு மாதிரி வாரத்தை எடுத்துக்கொள்கிறேன்: மூன்றாம் வகுப்பு, 30 பிள்ளைகள், கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல், மொழியில் ல-ள-ழ வேறுபாடு, அறிவியலில் விதை முளைத்தல். உங்கள் வகுப்பும் பாடமும் வேறாக இருக்கும், வாரம் நகரும் விதம் இதேதான்.

முதல் படி: மூன்று வாக்கியம், ஒரு சீட்டு

வாரம் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்றே மூன்று வாக்கியம் எழுதுங்கள். "அறிவார்கள்", "புரிந்துகொள்வார்கள்" என்று எழுதாதீர்கள், அதை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. செய்வார்கள், சொல்வார்கள், எழுதுவார்கள், காட்டுவார்கள் என்று முடியட்டும். இந்த வாரத்துக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

42 − 17 போன்ற கணக்கைப் போட்டு, ஒரு பத்தை ஏன் உடைத்தோம் என்று வாயால் சொல்வார்கள். ல, ள, ழ வரும் 10 சொற்களைக் காதால் கேட்டுப் பிழையில்லாமல் எழுதுவார்கள். விதை முளைக்க எது தேவை, எது தேவையில்லை என்பதைத் தாங்களே பார்த்ததை வைத்துச் சொல்வார்கள்.

நான்காவது வாக்கியம் எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் இருந்தாலும் புதிதாகக் கற்பிக்கக் கிடைப்பது நான்கு நாள்தான், அதிலும் ஒரு நாள் சரிசெய்யவே போய்விடும்.

எழுதி முடித்த கையோடு வெள்ளிக்கிழமை கொடுக்கப்போகும் சீட்டையும் தயார் செய்துவிடுங்கள். ஐந்து கேள்விதான் இருக்கும், அதை எப்படி அமைப்பது என்று பிறகு சொல்கிறேன். சீட்டை முதலிலேயே எழுதுவதில் ஒரு நன்மை உண்டு: செவ்வாய்க்கிழமை ஒரு அழகான செயல்பாடு தோன்றும்போது, அது இந்தச் சீட்டை நோக்கிப் போகிறதா, வெறுமனே பொழுதைப் போக்குகிறதா என்று உடனே தெரிந்துவிடும். கத்தரி, பசை, வண்ணத்தாள் எல்லாம் எடுத்து ஒரு மணி நேரம் ஒட்டிவிட்டு, பிள்ளைகள் கற்றது பசை தடவுவது மட்டும்தான் என்று முடிந்த வகுப்புகள் எனக்கும் உண்டு.

இரண்டாம் படி: நாளின் எலும்புக்கூடு

தினமும் மாறாத சில துண்டுகள் வேண்டும். காலை முதல் 10 நிமிடம் நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கேள்வி, புத்தகத்தையோ நோட்டையோ பார்க்காமல். மதிய இடைவேளை முடிந்ததும் 10 நிமிடம் ஆசிரியர் சத்தமாகக் கதை வாசிப்பது, ஒரே கதை வாரம் முழுக்கத் தொடர்ந்தால் இன்னும் நல்லது. இந்த இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். அடுத்து என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் வகுப்பு தானாக அடங்கும், தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை.

மூன்றாவது துண்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வகுப்புகளில் அது விட்டுப்போகிறது: தனித்தனியாக வாசிப்பைக் கேட்பது. வகுப்பே சேர்ந்து உரக்க வாசிக்கும்போது எல்லோரும் வாசிக்கிறார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். என் வகுப்பில் ஒரு பையன் அப்படிக் கணீரென்று வாசிப்பான், எந்த இடத்திலும் தடங்கல் இல்லை. ஒருநாள் பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டேன். அவன் முதல் வரியிலிருந்து வேகமாக மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்து அந்தச் சொல்லில் நிறுத்திச் சரியாகவே சொன்னான். பாடம் முழுவதும் மனப்பாடம், ஆனால் தனியாக ஒரு சொல்லை வாசிக்க வரவில்லை. பருவத்தின் பாதி கடந்திருந்தது, எனக்கு அதுவரை தெரியாது. அந்த நாள் இன்னும் மனதில் உறுத்துகிறது.

எனவே ஒரு நாளைக்கு 6 பேர், ஆளுக்கு 2 நிமிடம், ஆக மொத்தம் 12 நிமிடம். ஐந்து நாளில் 30 பேரும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருப்பார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுங்கள். எங்கே நிற்கிறார்கள், எந்த எழுத்தில் தடுக்குகிறது, தப்பு வந்தால் தானே திரும்பிப் போய்த் திருத்துகிறார்களா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மற்றவர்களுக்குப் பேசாமல் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கட்டும்: நேற்று கேட்ட கதையின் ஒரு காட்சியை வரைந்து இரண்டு வரி எழுதுவது போல.

திங்கள்: கற்பிக்குமுன் கேளுங்கள்

கணக்கில் நேராக விளக்கத்துக்குப் போகாதீர்கள். கரும்பலகையில் 42 − 17 என்று எழுதி, என்ன வரும் என்று கேளுங்கள். பலர் 35 என்பார்கள். இது கவனக்குறைவில்லை. 2-லிருந்து 7 போகாது, ஆகவே 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதுகிறார்கள். பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று நாம்தானே ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தோம், அந்த விதியை அவர்கள் நேர்மையாகக் கடைப்பிடிக்கிறார்கள். 35 தப்பு என்று சொல்லாதீர்கள். கரும்பலகையின் ஒரு மூலையில் 35 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு விடுங்கள். யாரும் அழிக்கக் கூடாது. புதன்கிழமை அதற்கு வேலை இருக்கிறது.

அப்புறம் குச்சிகள். இருவருக்கு 50 குச்சி என்றால் வகுப்புக்கு 750 வேண்டும், ஒருமுறை சேர்த்துவிட்டால் ஆண்டு முழுக்கப் பயன்படும். பத்துப் பத்தாகக் கட்டுவதைப் பிள்ளைகளே செய்யட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்துவிட்டால் கட்டு என்பது அவர்களுக்கு வெறும் பொருளாகிவிடும், உள்ளே பத்து இருக்கிறது என்பது கைக்குத் தெரியாது. 4 கட்டும் 2 உதிரியும் வைத்துக்கொண்டு 17 எடு என்றால் 7 உதிரி கிடைக்காமல் திணறுவார்கள். காத்திருங்கள். யாராவது ஒருவர் ரப்பர் வளையத்தைக் கழற்றுவார், அதைப் பார்த்து அடுத்த பெஞ்சும் கழற்றும். 2 உதிரி 12 ஆகிறது, 4 கட்டு 3 ஆகிறது, 17 போக மிஞ்சுவது 25. அன்றைக்கு எண்ணால் எழுத வேண்டாம்.

மொழியில் திங்கள் முழுக்கக் காதுக்குத்தான் வேலை. வலி, வளி, வழி. ஒலி, ஒளி, ஒழி. வால், வாள், வாழ். நீங்கள் சொல்லச் சொல்ல, ல என்றால் கையைக் கீழே, ள என்றால் நேராக, ழ என்றால் மேலே என்று பிள்ளைகள் காட்ட வேண்டும். காதில் வேறுபாடு விழாத பிள்ளைக்கு எழுத்தில் வேறுபாடு வராது, நூறு தடவை திருத்தி எழுதச் சொன்னாலும் வராது. இங்கே ஆசிரியருக்கும் ஒரு கடமை இருக்கிறது: நம் வாயில் மூன்றும் ஒன்றாகவே வந்தால் பிள்ளை எங்கிருந்து கற்கும்? முந்தின நாள் தனியாக நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

விதைக்கு நான்கு கோப்பை. முதலாவதில் ஈரப்பஞ்சு, வெளிச்சத்தில். இரண்டாவதில் காய்ந்த பஞ்சு, வெளிச்சத்தில். மூன்றாவதில் ஈரப்பஞ்சு, மூடிய அலமாரிக்குள். நான்காவதில் விதை முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருக்கும், வெளிச்சத்தில். ஒவ்வொன்றிலும் 5 பச்சைப்பயறு. ஒன்றே ஒன்று போட்டால் அது செத்த விதையாக இருந்துவிடலாம் என்பதால்தான் ஐந்து. விதையை முன்கூட்டியே ஊற வைக்காதீர்கள், ஊறிய விதை காய்ந்த பஞ்சிலும் முளைவிட்டுச் சோதனையையே கெடுத்துவிடும். ஈரம், வெளிச்சம், காற்று என்று ஒரு கோப்பைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்றுகிறோம் என்பதைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்ல வையுங்கள். எந்தக் கோப்பை முளைக்கும் என்று கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். அலமாரிக் கோப்பை முளைக்காது என்று வகுப்பில் பெரும்பாலோர் அடித்துச் சொல்வார்கள், வெயில் இல்லாமல் செடி எப்படி வரும் என்பார்கள். மறுக்காமல் அப்படியே எழுதி வையுங்கள்.

செவ்வாய்: கையிலிருந்து தாளுக்கு

நேற்றுக் குச்சியில் செய்ததை இன்று படமாக வரைகிறோம். பத்துக்கு ஒரு நீளக் கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. ஒரு கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி போட்டால் கட்டைப் பிரித்ததாக அர்த்தம். முதலில் செயல், பிறகு படம், கடைசியில் குறி என்ற இந்த வரிசையை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் விளக்கினார். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். குச்சியிலிருந்து நேராக எண்ணுக்குத் தாவினால் "கடன் வாங்கு, ஒன்று குறை" என்பது பிள்ளைக்கு ஒரு மந்திரமாகிவிடும், மந்திரம் மறந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

மொழியில் இன்று நாக்கு. ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் ஈறில் தொடுகிறது. ள சொல்லும்போது பின்னால் மடங்கி மேலண்ணத்தைத் தொடுகிறது. ழ-வுக்கும் மடங்குகிறது, ஆனால் அழுத்தித் தொடாமல் நெருங்கி நிற்கிறது. பிள்ளைகள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே செய்வார்கள், சிரிக்கட்டும். பிறகு அந்த எழுத்துகள் வரும் வாக்கியங்களை வாசிப்பது.

கோப்பைகளைப் பார்க்க 5 நிமிடம் போதும். இன்னும் பெரிதாக எதுவும் நடந்திருக்காது, ஈரப்பஞ்சில் விதை உப்பியிருக்கும். பார்த்ததை மட்டும் வரையச் சொல்லுங்கள், மனதில் நினைப்பதை வேண்டாம்.

புதன்: வாரத்தின் முக்கியமான நாள்

காலையிலேயே மூன்று கணக்கு உள்ள சிறு சீட்டு. 53 − 28, 60 − 34, 47 − 23. இந்த மூன்றையும் யோசித்துத்தான் எடுத்திருக்கிறேன். முதலாவது நேரடியானது. இரண்டாவதில் பூஜ்யம் இருக்கிறது, 34 என்றே விடை எழுதும் பிள்ளைகள் வருவார்கள், 0-லிருந்து 4 போகாது என்பதால் 4-ஐ அப்படியே இறக்கிவிடுகிறார்கள். மூன்றாவதில் கடன் வாங்கவே தேவையில்லை. யோசிக்காமல் எல்லாவற்றிலும் பத்தை உடைக்கும் பிள்ளையை அது காட்டிக்கொடுக்கும்.

சீட்டுகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். இடைவேளையில் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: வந்துவிட்டது, ஒரே இடத்தில் சிக்குகிறது, இன்னும் தொடங்கவில்லை. பத்து நிமிட வேலை. கணக்கு வேளையில் தொடங்காதவர்கள் உங்களோடு தரையில் உட்கார்ந்து மறுபடி குச்சியை எடுப்பார்கள், 20 நிமிடமாவது. நடுக்குவியல் இருவர் இருவராகத் தங்கள் விடையைக் கூட்டிச் சரிபார்க்கும். வந்துவிட்டவர்களுக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுத்துவிடாதீர்கள், சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை போல ஆகிவிடும். 25 விடை வரும்படி நீயே மூன்று கதைக்கணக்கு எழுது என்று சொல்லிப் பாருங்கள், எப்படிப்பட்ட கதைகள் வருகின்றன என்று.

இந்தக் குழுக்களுக்குப் பெயர் வைக்காதீர்கள். அடுத்த வாரம் வேறு பாடம், வேறு சீட்டு, வேறு குவியல். மெல்லக் கற்பவர் என்று ஒரு பிள்ளைக்கு ஒருமுறை முத்திரை குத்தினால் அது ஆண்டு முழுக்க ஒட்டிக்கொள்ளும், அந்தப் பிள்ளையே அதை நம்பிவிடும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இப்போது கரும்பலகை மூலையில் நிற்கும் 35-க்கு வாருங்கள். 35-ஓடு 17-ஐக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 52 வரும். நாம் தொடங்கியது 42. அப்படியானால் எங்கே பிசகியது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த மூடிக்கொள்வது லேசில்லை. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியதில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் சங்கடம், பிள்ளைகளுக்கு அது யோசிக்கக் கிடைத்த நேரம்.

ல-ள-ழ சொற்களை இன்று எழுதத் தொடங்கலாம். ஈரக் கோப்பைகளில் முளை எட்டிப் பார்க்கும். அலமாரியைத் திறக்கும்போது கூட்டமாக ஓடி வராமல் ஒரு வரிசையாக வரச் சொல்லுங்கள். அங்கேயும் முளை வந்திருப்பதைப் பார்த்ததும் எழும் சத்தத்தை அடக்க வேண்டாம்.

வியாழன்: மூன்றையும் கோத்தல்

இந்த வாரம் நமக்கு ஒரு வசதி அமைந்திருக்கிறது: விதைப் பாடத்துக்குள்ளேயே இலை, முளை, நிழல் என்று மூன்று எழுத்தும் வந்துவிடுகின்றன. முளைகளை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து, வெளிச்சத்தில் வளர்ந்ததற்கும் இருட்டில் வளர்ந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துக் கண்டுபிடிக்கலாம், அளவு எதுவாக வந்தாலும் அதுதான் அன்றைய கணக்கு. அதையே மூன்று வாக்கியமாக எழுதினால் மொழிப்பாடமும் முடிந்தது. எல்லா வாரமும் இப்படி அமையாது, வலிந்து கோக்கவும் வேண்டாம்.

குழு வேலை என்றால் நான்கு பேர் போதும். ஒருவர் அளப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் சரிபார்ப்பார், ஒருவர் எழுந்து வகுப்புக்குச் சொல்வார். வாராவாரம் வேலை மாற வேண்டும், இல்லையென்றால் கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளை ஆண்டு முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும், கூச்சப்படும் பிள்ளை ஒருமுறைகூட எழுந்து நிற்காது. குழுவாகப் பேசத் தொடங்குமுன் ஒரு நிமிடம் தனியாக யோசித்து ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் சத்தமாகப் பேசுபவரின் விடையே நான்கு பேரின் விடையாகிவிடும்.

வீட்டுப்பாடம்? வாரத்துக்கு ஒன்று போதும், வியாழனன்று. 42 − 17 ஏன் 35 இல்லை என்று வீட்டில் யாருக்காவது விளக்கிச் சொல்லிவிட்டு வா. நோட்டில் எழுத வேண்டியதில்லை.

வெள்ளி: புதிதாக எதுவும் இல்லை

ஐந்து கேள்விச் சீட்டு. மூன்று இந்த வாரத்திலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. பழையதை ஏன் இழுக்கிறோம் என்றால், படித்த உடனேதான் மறதி வேகமாக இருக்கிறது, இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பத் தொட்டால் நிலைக்கிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறந்தது என்று அளந்து 1885-ல் வெளியிட்ட விஷயம் இது. வாரம் ஒரு பழைய கேள்வி கேட்டுவந்தால் ஆண்டு முடிவில் திருப்புதலுக்கென்று தனியாக மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்காது.

சொல்வதெழுதுதலில் பத்துச் சொல். முடிந்ததும் சரியான சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள், பிள்ளைகள் வேறு நிறப் பென்சிலால் தாங்களே திருத்தட்டும். பிழையைக் கண்டுபிடித்தவரைப் பாராட்டுங்கள்.

பிறகு நான்கு கோப்பையையும் நடுவில் வைத்து வட்டமாக உட்காருங்கள். காய்ந்த பஞ்சில் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரில் மூழ்கியவை உப்பி, சிலவற்றில் சின்ன முளை எட்டிப் பார்த்து, அதோடு நின்று கெடத் தொடங்கியிருக்கும், முளைக்கும் விதைக்குக் காற்றும் வேண்டும். அலமாரியில் இருந்தவை முளைத்திருப்பது மட்டுமில்லை, வெளிறிய மஞ்சளாக, வெளிச்சத்தில் இருந்ததைவிட உயரமாகப் போகத் தொடங்கியிருக்கும். குளிர்ந்த இடமென்றால் இதற்கு இன்னும் சில நாள் பிடிக்கும், அவசரப்படாமல் அடுத்த திங்கள் பாருங்கள். பச்சைப்பயறு முளைக்க வெளிச்சம் தேவையில்லை, உள்ளே இருக்கும் பருப்பிலேயே முதல் சில நாளுக்கான உணவு இருக்கிறது. பச்சையாகித் தன் உணவைத் தானே தயாரிக்கத்தான் வெளிச்சம் வேண்டும். திங்கட்கிழமை எழுதிய கை எண்ணிக்கை இன்னும் கரும்பலகையில் இருக்கும். அதைக் காட்டி, யாருடைய எண்ணம் மாறியது, எதைப் பார்த்து மாறியது என்று கேளுங்கள். பார்த்து எண்ணத்தை மாற்றிக்கொண்டேன் என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை எழுந்து சொல்வதைவிட அந்த வாரத்தில் எனக்குப் பெரிய சந்தோஷம் கிடையாது.

திட்டம் குலைந்தால்

நடுவில் விடுமுறை வந்தால் வியாழனின் கோக்கும் வேலையை விடுங்கள், புதன் சீட்டை விடாதீர்கள். ஒரு நாள் வராத பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் முதல் பத்து நிமிடத்தில் குச்சியை வைத்துச் சொல்லித்தரட்டும், சொல்லித்தருபவருக்கும் அது பாடம். புதனன்று பாதி வகுப்புக்கு மேல் "தொடங்கவில்லை" குவியலில் விழுந்தால் அது பிள்ளைகளின் குறையில்லை, நாம் சொன்ன விதம் எட்டவில்லை. மூன்று வாக்கியத்தில் ஒன்றை அடித்துவிட்டு அந்த நேரத்தையும் கணக்குக்குக் கொடுங்கள்.

பிள்ளைகள் போனபின் 15 நிமிடம்

சீட்டுகளை மேசையில் பரப்பி வைத்து, ஒரு நோட்டில் வாரத்துக்கு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தக் கேள்வியில் அதிகம் பேர் சறுக்கினார்கள், எந்த நாலைந்து பெயரை அடுத்த வாரமும் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும், வாசிப்பில் யார் எங்கே நின்றார்கள். அந்தப் பக்கத்தின் கீழே திங்கட்கிழமை காலை கேட்கவேண்டிய முதல் கேள்வியையும் எழுதிவிடுங்கள். இன்னும் 35 என்றே எழுதியவர்கள் மூன்று பேர் இருந்தால், அந்தக் கேள்வி அவர்களுக்கானது.

குச்சிகளை மட்டும் நீங்கள் அடுக்கி வைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பிள்ளைகளே எண்ணிப் பத்துப் பத்தாகக் கட்டிப் பெட்டியில் போடட்டும். கடைசியில் 75 கட்டு வர வேண்டும். ஒன்று குறைந்தால் அது எத்தனை குச்சி என்று கேட்டுவிட்டு, அவர்கள் பெஞ்சுக்கு அடியில் தேடட்டும்.